பால் பொங்காத வீட்டுக்குத் தபால் கிடையாது

புது வீட்டுக்குக் குடிவந்த அன்று அடுப்பில் வைத்த பால் இன்னும் பொங்கவில்லை. அதனால் தெய்வேந்திரனுக்குத் தபால் வருவதில்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பால் பொங்கினால்தான் அது வீடு. பொங்காதவரைக்கும் வெறும் இடம். வெறும் இடத்துக்கு எந்தத் தபால்காரர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வருவார்?

அவன் மனைவி வளர்மதி அடுப்பு முன்னால் நின்றாள். குடிவந்த அன்றைக்குக் கட்டிய பட்டுப்புடவையை இன்னும் மாற்றவில்லை. பால் விளிம்பு வரைக்கும் ஏறும். வெளியே எட்டிப் பார்க்கும். வெளியாள் யாரும் இல்லை என்று தெரிந்ததும் இறங்கிவிடும். சிலிண்டர் மட்டும் தீரவே இல்லை. அந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்கு நல்ல நேரம்.

"யாரையாவது கூப்பிடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நம்மளே நின்னு பார்த்தா எந்தப் பால் பொங்கும்?"

"கூப்பிடலாம், கூப்பிடலாம்."

கூப்பிடமாட்டான். எப்படிக் கூப்பிடுவான்? மதுரையில் ஒரு பாத்திரக்கடையில் பாத்திரங்களுக்குப் பேர் வெட்டுகிற வேலை அவனுக்கு. பழைய வாடகை வீட்டைக் காலி பண்ணும்போது சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. சொந்தமாக ஃப்ளாட் வாங்கிவிட்டேன் என்று தெரு பூராவும் சொன்னான். மூன்று பெட்ரூமாம், பால்கனியாம், லிஃப்டாம். வந்து சேர்ந்ததோ மாவு மில்லுக்கு மேலே ஒற்றை அறை. அதுவும் வாடகைக்கு. மில் ஓடினால் சுவரில் மாட்டிய சாமி படமெல்லாம் ஆடும். படியேறி வருகிறவர்கள் மேலே வந்து சேர்வதற்குள் மாவு படிந்து தலை நரைத்திருக்கும்.

அந்த வீட்டுக்கு ஒரு குணம் இருந்தது. தன்னைப் பற்றி யாராவது பொய் சொன்னால் அதற்குப் பிடிக்காது.

ஒருநாள் கடை முதலாளியிடம், பால்கனியில் துளசி வைத்திருப்பதாகச் சொன்னான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஜன்னலைக் காணோம். ஜன்னல் இருந்த இடத்தில் சுவர் ஒன்றும் தெரியாதது மாதிரி நின்றது.

"இன்னைக்கு யார்கிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள் வளர்மதி.

"ஒண்ணும் சொல்லலையே."

அவன் அதைச் சொன்னதும் அலமாரியில் ஒரு தட்டு காணாமல் போனது.

மாடுலர் கிச்சன் என்று ஒரு வாடிக்கையாளரிடம் சொன்ன அன்று குழாய் போய்விட்டது. அதிலிருந்து தெருவிலிருந்துதான் தண்ணீர். குடத்தைத் தூக்கிக்கொண்டு மாவுப் படியில் ஏறும்போது தெய்வேந்திரனுக்கு அவமானம் பிடுங்கித் தின்னும். இருந்தும் மறுநாள் கடையில் யாராவது "புது வீடு எப்படிண்ணே?" என்று கேட்டால் போதும், நாக்கு தானாக ஓடிவிடும். என்ன ஜென்மமோ.

இதெல்லாம் போகட்டும். தபால்தான் விஷயம்.

அவன் தங்கை நாகஜோதியின் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். அந்தக் குழந்தைக்கு இருக்கிற ஒரே தாய்மாமன் தெய்வேந்திரன். அவர்கள் வகையறாவில் ஒரு வழக்கம். பத்திரிகையின் மூலையில் தடவிய மஞ்சள் யார் விரலில் ஒட்டுகிறதோ அவர்தான் மாமன். விரலில் மஞ்சள் இல்லாத மடியில் குழந்தை உட்காராது. வழுக்கிவிடும்.

நாகஜோதி முறையாகத்தான் போன் பண்ணினாள். "அண்ணே, தாம்பாளத்தோட நேர்ல வந்து வைக்கிறேன். புது வீட்டையும் பார்த்த மாதிரி இருக்கும்."

தெய்வேந்திரன் முந்திக்கொண்டான். "நீ ஏம்மா சிரமப்படுற? தபால்ல போட்டுரு."

"தபால்லயா?"

"ஆமா. பழைய விலாசத்துக்கே போடு. தபால்காரர் கொண்டாந்து குடுத்துருவாரு."

தாய்மாமனுக்குத் தபாலில் பத்திரிகை! கேட்டவர்கள் காறித் துப்புவார்கள். நாகஜோதி துப்பவில்லை. "சரிண்ணே, நீ சொன்னா சரிதான்," என்று வைத்துவிட்டாள். அந்தக் குரலை நினைத்து அவன் அன்றைக்குப் பூராவும் பேரைத் தப்புத் தப்பாக வெட்டினான். அதற்குப் பிறகு அவள் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. எடுத்தால் வீட்டைப் பற்றிக் கேட்பாள். கேட்டால் பொய் சொல்லுவான். ஏற்கெனவே கால்நீட்டிப் படுக்க இடமில்லை.

பத்திரிகை வரவில்லை.

தபால்காரர் இருதயராஜ் தினமும் தெருமுனை வரைக்கும் வருவார். மாவு மில் வாசலில் சைக்கிளை நிறுத்துவார். மேலே பார்ப்பார். திரும்பிப் போய்விடுவார். தெய்வேந்திரன் ஒருநாள் மடக்கிப் பிடித்தான்.

"அண்ணே, மேலதான் வீடு."

"எங்க?"

"இந்தா, இதுதான்."

"நீங்க தெரியறீங்க. மில் தெரியுது. வீடு ஒண்ணும் தெரியலையே தம்பி."

"என் பேருக்குத் தபால் வந்திருக்கா?"

"வந்திருக்கும். அதை வீட்டுலதான் குடுக்க முடியும். பால் பொங்குச்சா?"

"பொங்கும்ணே."

"பொங்கட்டும். வாசமடிச்சா நானே மேல வந்துருவேன்." பெல்லை அடித்துக்கொண்டு போய்விட்டார்.

தெய்வேந்திரன் தபால் ஆபீசுக்குப் போனான். உள்ளே ஆள் யாரும் இல்லை. ஆனாலும் வரிசை இருந்தது. அதில் நின்றான். முன்னால் நடக்க நடக்க கவுன்டர் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. வேர்த்து, கூசிப்போய், தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அப்புறம் கவுன்டரே அவனிடம் வந்தது.

கவுன்டருக்குப் பின்னால் ஒரு மேடம் பூத் தொடுத்துக்கொண்டிருந்தார்.

"விலாசம் மாத்தணும் மேடம்."

"பால் எந்தப் பக்கமா பொங்கி வழிஞ்சது?"

"இன்னும் வழியலை."

"எந்தப் பக்கமும் வழியாத வீட்டை நான் எந்தப் பக்கம்னு எழுதறது?"

"அவசரம் மேடம். தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. நான் தாய்மாமன்."

மேடம் பூவைக் கீழே வைத்தார். அவன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மஞ்சளையே காணோமே. ஐயோ பாவம்." உண்மையாகவே வருத்தப்பட்டார். "சரி, இதுக்குப் போய் ஏன் அலையறீங்க? ஒரு வெளியாள் பார்த்தா போதும். டூட்டி முடிஞ்சு நானே வர்றேன். ஒரு எட்டு பார்த்துட்டா பொங்கிரும். நாளைக்கே தபால் வந்துரும்."

தெய்வேந்திரனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்படி ஒரு நல்ல மனசா!

"வீடு எப்படி இருக்கும்? அடையாளம் சொல்லுங்க," என்றார் மேடம்.

"மூணு பெட்ரூம் மேடம்," என்றது நாக்கு. "லிஃப்ட் இருக்கு."

"லிஃப்டா! அப்ப எங்க ஆபீஸ்ல எல்லாரையும் கூட்டிட்டு வர்றேனே. யாருமே லிஃப்ட் உள்ள வீட்டுக்குப் போனதில்ல."

அவன் முகம் செத்துப்போனது. "இன்னைக்கு வேணாம் மேடம். லிஃப்ட் ரிப்பேரா இருக்கு."

மேடம் அவனை ஒரு மாதிரி பார்த்தார். பூவை எடுத்துத் தொடுக்க ஆரம்பித்தார். கவுன்டர் தூரமாகப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தால் படியைக் காணோம். மில்காரரிடம் ஏணி கேட்டு வாங்கித்தான் ஏறினான். வளர்மதி பாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேறு வழியில்லாமல் பழைய வீட்டுக்குப் போனான். அங்கே இப்போது அருஞ்சுனை என்பவர் குடியிருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். தனி ஆள். கதவைத் திறந்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க, வாங்க. உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க."

தெய்வேந்திரன் உட்கார்ந்தான். அருஞ்சுனையைப் பார்த்தால் என்னவோ மாதிரி இருந்தது. மீசை தன்னுடையது மாதிரி இருந்தது. இடது பக்கம் கொஞ்சம் தூக்கலாக வெட்டியிருந்தது வரைக்கும். பேசும்போது மூக்கை உறிஞ்சினார். அதுவும் இவன் பழக்கம்தான்.

"என் தபால் ஏதும் இங்க வந்துச்சுங்களா?"

"தினமும் வருதே. முதல்ல திருப்பி அனுப்பினேன். திரும்பித் திரும்பி வந்துச்சு. பேரைச் சொல்லி வாசல்ல நின்னு கூப்பிடும்போது எத்தனை நாளைக்குங்க பேசாம இருக்கிறது? ஒருநாள் 'இந்தா வர்றேன்'னு சொல்லிட்டேன். அதுலேர்ந்து எல்லாம் எனக்கே வருது. உங்க மூலவியாதி கூட வந்துருச்சு."

"பத்திரிகை ஒண்ணு..."

அருஞ்சுனை வலது கையைக் காட்டினார். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மஞ்சளாக இருந்தன.

"சோப்புப் போட்டுத் தேய்ச்சுப் பார்த்தேன், போகலைங்க," என்றார். அவருக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. "எனக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் கிடையாது. திடுதிப்புனு தபால்ல ஒரு தங்கச்சி வந்து நிக்குது. 'அண்ணே, நீ தபால்ல போடச் சொன்னது எனக்கு மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு, ஆனா நீ வராம நான் பாப்பாவுக்குக் காது குத்தமாட்டேன்'னு பத்திரிகைக்குப் பின்னாடி எழுதியிருந்துச்சு. நான் அழுதுட்டேங்க. லீவு சொல்லிட்டேன். பாப்பாவுக்குக் கொலுசு எடுத்துட்டேன். தங்கச்சிக்குப் பச்சைக் கலர்ல சேலை."

"அவளுக்குப் பச்சைதான் பிடிக்கும்," என்றான் தெய்வேந்திரன்.

"தெரியும்," என்றார் அருஞ்சுனை.

இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சினார்கள்.

"இருந்தாலும் நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல," என்று அருஞ்சுனையே சொன்னார். "தபால்காரர்கிட்டக் கேட்டேன். மஞ்சள் இன்னும் காயலையாம். உங்க புது வீட்டு வாசல்ல வச்சு பத்திரிகைய உங்க கையில குடுத்தா, மஞ்சள் உங்க விரலுக்கு மாறிடுமாம். அப்புறம் நீங்கதான் மாமன். கிளம்புங்க, வண்டிய எடுக்கறேன். அஞ்சு நிமிஷ வேலை."

எவ்வளவு லேசாக முடிந்திருக்கும். வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தால் போதும். ஏணியில் ஏறவேண்டும், மாவு அப்பும், ஒற்றை அறையைப் பார்த்து அருஞ்சுனை 'ஓஹோ' என்பார். அவ்வளவுதானே? அந்த ஒரு 'ஓஹோ'வை நினைத்துத் தெய்வேந்திரனுக்குக் கால் எழும்பவில்லை.

"இப்ப வேணாங்க," என்றான். "வீட்ல பெயிண்ட் அடிச்சிக்கிட்டிருக்கு."

"எத்தனை ரூமுக்கு?"

"மூணு பெட்ரூமுக்கும்."

அருஞ்சுனை தலையாட்டினார். "சரிங்க. அப்ப காதுகுத்துக்கு நானே போய்ப் பார்த்துக்கறேன். புள்ள மடியில்லாம நிக்கக்கூடாதுல்ல."

அன்றைக்குச் சுவரின் பூச்செல்லாம் உதிர்ந்து செங்கல் தெரிந்தது. கூரை இறங்கியிருந்தது. வளர்மதி குனிந்துதான் நின்றாள். பட்டுப்புடவை முழுக்க மாவு.

"பெயிண்ட் அடிக்குதுன்னு சொன்னேன்," என்று இந்தத் தடவை அவனே சொன்னான்.

வளர்மதி பாலைப் பார்த்தபடியே கேட்டாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். யாரையும் இங்க கூட்டிட்டு வரமாட்டேங்கறீங்களே, வீட்டை நினைச்சா வெக்கப்படறீங்க, இல்ல என்னை நினைச்சா?"

"ஐயையோ! உன்னைய நினைச்சு எதுக்கு? என்னைய நினைச்சுத்தான்."

அது உண்மை. கூரை கொஞ்சம் மேலே போனது. அவள் கழுத்தை நிமிர்த்திக்கொண்டாள்.

"இதையே உங்க தங்கச்சிகிட்ட போய்ச் சொல்லுங்க. வெக்கப்பட்டுக்கிட்டே சொல்லுங்க, பரவால்ல. அது உங்க கூடப்பொறந்தது. தின்னுறாது. நான் வரலை, பாலை விட்டுட்டு வரமுடியாது."

காதுகுத்து குலதெய்வக் கோயிலில். தெய்வேந்திரன் பஸ் ஏறிப் போனான். பையில் ஒரு வெள்ளிக் கிண்ணம் வைத்திருந்தான். கடையில் உட்கார்ந்து அவனே பேர் வெட்டியது. 'தாய்மாமன் தெய்வேந்திரன்'. அவ்வளவு அழகாக அவன் எந்தப் பேரையும் வெட்டியதில்லை.

பந்தல் போட்டிருந்தார்கள். நடுவில் மணையில் அருஞ்சுனை உட்கார்ந்திருந்தார். பட்டு வேட்டி, கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம். மடியில் குழந்தை. வழுக்கவில்லை. அவர் விரலைப் பிடித்து மஞ்சளைச் சப்பிக்கொண்டிருந்தது. ஆசாரி எதிரே உட்கார்ந்து கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் எல்லாம் தெய்வேந்திரனின் சித்தப்பா, பெரியப்பா, அத்தை. எல்லாரும் அவனைத் தாண்டிப் போய் அருஞ்சுனையிடம், "புது வீடு எப்படிய்யா?" என்று விசாரித்தார்கள். அருஞ்சுனை மூக்கை உறிஞ்சிக்கொண்டு லிஃப்டைப் பற்றிச் சொன்னார்.

நாகஜோதி அவனைப் பார்த்துவிட்டாள். பச்சைச் சேலை கட்டியிருந்தாள். கும்பிட்டாள்.

"வாங்க, வாங்க. நீங்க எங்க வீட்டுக்காரரு பக்கமுங்களா?"

"ஜோதி, நான் உன் அண்ணன்மா."

அவள் சிரித்தாள். மரியாதையான சிரிப்பு. "எங்கண்ணன் அந்தா உக்காந்திருக்காருங்க."

"அவரு அருஞ்சுனை. நான் காலி பண்ணின வீட்ல குடியிருக்கிறவரு."

"நான் எங்கண்ணனுக்குத்தாங்க தபால்ல போட்டேன். வாங்கினவரு வந்திருக்காரு. வேற யாரு வருவா?"

தெய்வேந்திரனுக்குக் காது மடலெல்லாம் கொதித்தது. வளர்மதி சொன்னதை நினைத்துக்கொண்டான். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நான் ஃப்ளாட் எதுவும் வாங்கலைம்மா. பொய் சொல்லிட்டேன். மாவு மில்லுக்கு மேல ஒரே ரூம்தான். ஜன்னல் இல்ல, குழாய் இல்ல, ஏணி வச்சுத்தான் ஏறணும். நீ வந்து பார்த்துருவியோன்னு வெக்கப்பட்டுத்தான் தபால்ல போடச் சொன்னேன். தப்புதான். என்னைய மன்னிச்சுரு."

சொல்லி முடித்ததும் உடம்பு லேசாகிவிட்டது. இவ்வளவுதானா! இதற்கா இத்தனை நாள்! தலையை நிமிர்த்தித் தங்கையைப் பார்த்தான்.

நாகஜோதி முகத்தில் பெரிய இரக்கம் இருந்தது.

"எங்கண்ணன் இப்படியெல்லாம் பேசமாட்டாருங்க," என்றாள். "அவரு வீடு மூணு பெட்ரூம். அவரே சொன்னாரு."

அவன் அவசரமாகப் பையைத் திறந்து கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தான். அவள் வாங்கிப் பேரைப் படித்தாள். முகம் மலர்ந்தது.

"அண்ணே!" என்று பந்தலைப் பார்த்துக் கூப்பிட்டாள். "உன் கிண்ணம் வந்துருச்சு!" திரும்பி இவனிடம், "இதைக் குடுக்கத்தான் வந்தீங்களா? முன்னாடியே சொல்லலாம்ல. கூரியர்க்காரங்க யாருங்க இவ்வளவு தூரம் தேடிக் கொண்டாந்து குடுக்கறா?"

அவன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. பொய்யென்றால் ஓடிவந்திருக்கும்.

"பந்தியில உக்காந்து சாப்பிட்டுத்தான் போகணும். சும்மா போகக்கூடாது," என்றாள். இரண்டடி போனவள் திரும்பி வந்தாள். "கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. உங்களுக்குத் தங்கச்சி இருக்கா?"

"இருக்கு."

"வீட்டுக்கு வரப்போக இருக்குமா?"

"வர்றேன்னுதான் சொல்லுச்சு. நான்தான் வேணாம்னுட்டேன்."

"பாவங்க அது," என்றாள் நாகஜோதி. கிண்ணத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே போய்விட்டாள்.

அவனைப் பந்தியில் உட்காரவைத்தார்கள். இலையைப் போட்டார்கள். தண்ணீர் தெளித்தான். சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. பக்கத்தில் அவனுடைய சொந்தப் பெரியப்பா உட்கார்ந்து, "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். அவன் சொன்னான். "எங்க தெய்வேந்திரனும் அங்கதான் இருக்கான். பெரிய ஃப்ளாட்டு. உங்களுக்குப் பழக்கமா?" "பார்த்திருக்கேன்," என்றான் தெய்வேந்திரன்.

பந்தலில் மேளம் வேகமெடுத்தது. பெண்கள் குலவை போட்டார்கள். ஆசாரி குனிந்தார்.

குழந்தை வீறிட்டது. ஒரு நிமிஷம் மூச்சே இல்லை. அப்புறம் அழுகைக்கு நடுவில், புதிதாகக் கற்றுக்கொண்ட சொல்லை உரக்கச் சொல்லிக் கூப்பிட்டது.

"மாமா!"

தெய்வேந்திரன் எழுந்துவிட்டான். கையில் சோறு. இலையைத் தாண்டி ஒரு கால் வைத்துவிட்டான். பந்தியே சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தது. பந்தலில் அருஞ்சுனை, "இந்தா மாமா இருக்கேன்டா, இந்தா மாமா," என்று குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். அழுகை நின்றது.

வாளியோடு வந்தவர் அவன் எதிரில் நின்றார். "என்னங்க, எந்திரிச்சுட்டீங்க? என்ன வேணும்?"

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரசம்," என்றான் தெய்வேந்திரன். உட்கார்ந்தான்.